மூச்சு விட்ட குற்றம்

ஃபெயில் சாருக்குக் கோபமே வராது. இதை அவரே தன் வாயால் சொல்வார். "எனக்கு எங்கய்யா கோபம் வருது? இவனுங்கதான் வரவழைக்கிறானுங்க" என்பார். சொல்லும்போதே கழுத்து நரம்பு புடைத்து நிற்கும், கேட்பவர் மெல்ல இரண்டடி பின்வாங்கிக்கொள்வார்.

அவர் வேலை ஓட்டுநர் உரிமத்துக்கு டெஸ்ட் எடுப்பது. இருபத்தாறு வருடமாக முன்பின் தெரியாதவர்கள் காரை ஓட்ட, பக்கத்து இருக்கையில் மடியில் அட்டையோடு உட்கார்ந்து தப்புகளை எண்ணியவர். டெஸ்டுக்கு வருகிறவர்கள் நன்றாக ஓட்டிவிடும் நாட்களில் அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்காது. கடைசித் திருப்பத்தில் ஒருவர் கண்ணாடியைப் பார்க்க மறந்தால் போதும், முகத்தில் ஒரு தெளிவு வந்துவிடும். பேனாவை மூடிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே, "மூணு வாரம் கழிச்சு வாங்க" என்பார். மறு டெஸ்டுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. ஆனால் அதை அவர் சொல்கிற தோரணையைப் பார்த்தால், அந்த மூன்று வாரத்தை அவரே கையால் நெய்து கொடுத்தது போல இருக்கும். பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆறு நாள் இப்படி. ஏழாவது நாள் கோல்ஃப்.

கோல்ஃப் என்றதும் பெரிய மனிதர்கள், வெள்ளைத் தொப்பி என்று நினைத்துவிட வேண்டாம். இது நகராட்சித் திடல். ஒரு பக்கம் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம், மறுபக்கம் பஸ் பணிமனை, நடுவில் ஒன்பது குழிகள். அவரவர் பையை அவரவர்தான் தூக்க வேண்டும். ஆடுகிறவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். மருந்துக் கடைக்காரர் ஒருவர், டயர் கடைக்காரர் ஒருவர், ஒரு பள்ளியின் தலைமையாசிரியை, இன்னும் இப்படிச் சிலபேர். யாரும் பெரிய ஆட்டக்காரர் இல்லை. நாலு பேராகச் சேர்ந்து, பந்தை அடித்து, அது போன திசையைப் பார்த்துச் சிரித்து, இரண்டரை மணி நேரம் நடந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்தச் சிரிப்புதான் ஃபெயில் சாருக்கு ஆகாது.

பதினேழு வருடத்துக்கு முன் அவர் சேர்ந்தபோது கிளப்பில் இரண்டே விதிதான் இருந்தது. விதிக்குழுவில் உட்கார ஆள் தேடினார்கள். யாருக்கும் ஆர்வமில்லை. இவர் கையைத் தூக்கினார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். இரண்டு விதி இருபத்து மூன்றாகி, தகரப் பலகையில் பெயிண்ட் அடித்து முதல் குழியருகே நடப்பட்டது. அடுத்தவர் அடிக்கும்போது பேசக் கூடாது. பந்து போகும் வழியில் நிழல் விழக் கூடாது. மணல் பள்ளத்தில் பதிந்த கால் தடத்தை வாரியால் சமன் செய்ய வேண்டும். தொலைந்த பந்தை மூன்று நிமிடத்துக்கு மேல் தேடக் கூடாது. பின்னால் வருகிறவர்கள் வேகமாக வந்தால் வழிவிட வேண்டும். இதெல்லாம் உலகமெங்கும் உள்ள மரியாதைதான், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் மற்றவர்கள் மரியாதையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இவர் மரியாதை இல்லாமல் கத்துவார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். புதருக்குள் குனிந்து பந்து தேடும் மனிதரின் முதுகுக்குப் பின்னால் நின்று, "ரெண்டு நிமிஷம் நாப்பது" என்று எண்ணுவார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு ஒருவன் பந்தைக் கண்டுபிடித்ததாகச் சரித்திரமில்லை.

பதினான்காம் விதி கோபத்தைப் பற்றியது. மட்டையை வீசி எறிபவர், கூட ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் கிளப் அறையில் எல்லோர் முன்னிலையிலும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். டயர் கடைக்காரர் ஒருமுறை மட்டையை வெறுமனே கீழே போட்டதற்கே, "போட்டதும் எறிஞ்சதும் ஒண்ணுதான்" என்று வாதாடி மன்னிப்புக் கேட்க வைத்தவர் நம்மாள்.

இனி, வியாழக்கிழமைத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வியாழன் மாலையும் கிளப் எழுத்தர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்தி வைப்பார். நாலு நாலு கோடாகப் பிரித்திருக்கும். ஞாயிறன்று யார் யாருடன் ஆடுவது என்று அவரவரே பேர் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு குழுவில் முதலில் எழுதியவரைக் கேட்காமல் அடுத்தவர் பேர் எழுதக் கூடாது. இது ஒன்பதாம் விதி. ஞாயிற்றுக்கிழமை தனியாக ஆட அனுமதி கிடையாது, குறைந்தது இருவர் வேண்டும்.

பத்தொன்பதாம் விதியும் சாருடையதுதான். தொடர்ந்து ஐந்து ஞாயிறு ஒருவர் பேருக்குக் கீழே யாரும் எழுதாமல் போனால், அவருடைய ஞாயிறு இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். இதை அவர் கொண்டுவந்ததே ஒரு மனிதரைத் துரத்தத்தான். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர், நடக்கும்போது விசில் அடிப்பார். நல்ல மனிதர், கொஞ்சம் சுருதி விலகும். "கூட ஆட நாலு பேர் பிரியப்படாத மனுஷனுக்கு ஞாயித்துக்கிழமை எதுக்கு?" என்று பொதுக்கூட்டத்தில் கேட்டார் சார். விசில்காரர் ஐந்து வாரத்தில் வெளியேறினார். போய்க் காத்திருப்போர் பட்டியலில் பேரைக் கொடுத்துவிட்டுப் பொறுமையாக இருந்தார்.

இப்போது அந்தப் பட்டியலில் முதல் பேர் அவருடையது. சாரின் பேருக்குக் கீழே நாலு வாரமாக மூன்று வெற்றுக் கோடுகள்.

ஆட்கள் ஒரே நாளில் விலகவில்லை. முதலில் மாப்பிள்ளை. மகளைக் கட்டிய புதிதில் மாமனாரோடு ஒரே ஒருமுறை ஆடினார். அன்றிலிருந்து அவருக்கு முட்டிவலி. அந்த முட்டியோடுதான் அவர் போன மாதம் மலையேறிவிட்டு வந்து போட்டோ அனுப்பினார். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசிவரை தாக்குப்பிடித்தவர் மச்சினன். அக்காள் முகத்துக்காக எட்டு வருடம் பொறுத்தவர், ஒருநாள் சார் அடிக்கும் நேரம் பார்த்து இருமிவிட்டார். "இருமல் வர்ற ஆளு ஆஸ்பத்திரிக்குப் போகணும், இங்க ஏன்யா வர்ற?" என்று சார் ஆரம்பித்து, ஆறாம் குழியிலிருந்து ஒன்பதாம் குழி வரை இருமலைப் பற்றியே பேசினார். மச்சினன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மாமா, இனிமே நான் இருமணும்னா எங்க வீட்டுலயே இருமிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு சரி.

நாலு ஞாயிறும் சார் காலை ஏழு மணிக்கே போய், பையோடு முதல் குழியருகே நின்று, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பார்த்தவர் சும்மா இருந்தாரா? வேலிக்கு வெளியே நின்றே நாலு தப்பு கண்டுபிடித்தார். ஆனால் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. அந்தத் திடலை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியாது, வீட்டிலிருப்பவர்களுக்கு அதைவிடத் தெரியாது.

ஐந்தாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை, அரைநாள் விடுப்பெடுத்து ஆள் பிடிக்கக் கிளம்பினார்.

மருந்துக் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் ஏணியில் ஏறி மேல் தட்டில் எதையோ தேட ஆரம்பித்தார். "ஞாயித்துக்கிழமை ஸ்டாக் எடுக்கணும் சார். வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கறது, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று மேலிருந்தே சொன்னார். டயர் கடைக்காரர், "முதுகுப் பிடிப்பு சார், குனிய முடியல, நிமிர முடியல" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு லாரி டயரைத் தனியாளாகத் தூக்கி மூன்றாவது அடுக்கில் வைத்தார். சாருக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் காரியம் ஆக வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

தலைமையாசிரியை மட்டும் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சார், திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் அறுநூறு பிள்ளைங்களை மேய்க்கிறேன். ஞாயித்துக்கிழமை அறுநூத்தி ஒண்ணாவது பிள்ளை எனக்கு வேண்டாம்" என்றார்.

"நான் ரூலைத்தானே சொல்றேன் மேடம்?"

"ரூல் சரிதான் சார். நீங்க சொல்றதைக் கேட்டா ரூல் மேலயே வெறுப்பு வருது."

சார் வெளியே வந்து பள்ளிச் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றார். அவமானம் கொஞ்சம், பசி கொஞ்சம். அப்போதுதான் பழைய இரண்டு விதிகளில் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கு முன்பே இருந்த விதி, அவர் ஒருநாளும் சீண்டாத விதி. உறுப்பினரின் கணவனோ மனைவியோ கூட ஆடலாம். ஒன்பது குழியும் ஆடி முடித்து ஸ்கோர் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்த ஞாயிறு கணக்கில் சேரும். அதற்குப் பிறகு அவர்களும் உறுப்பினர் மாதிரியே தாளில் பேர் எழுதலாம்.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். ஃபிரேமில் லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலை சுற்றும், அதனால் கை நடுங்காது, அவசரப்படாது, பேச்சும் குறைவு. அன்று மாலை சாப்பாட்டு மேசையில் ஒரு சிறிய திருப்புளியோடு யாருடைய கண்ணாடிக்கோ கால் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை ஒரு மூணு மணி நேரம் சும்மாதானே இருப்ப?" என்று ஆரம்பித்தார் சார்.

மனைவி முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும், "தம்பி இருமினதுக்கு அப்புறம் யாரும் வரலையா?" என்றார்.

"அதை விடு. வருவியா, மாட்டியா?"

"வர்றேன். ஒரே ஒரு கண்டிஷன். போகும்போதும் வரும்போதும் காரை நான்தான் ஓட்டுவேன். நீங்க பக்கத்துல உக்காந்து வாயைத் திறக்கக் கூடாது."

சாருக்குப் பகீரென்றது. காரணம் உண்டு. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் மனைவி இன்னொரு அதிகாரியிடம் டெஸ்ட் கொடுத்து முதல் தடவையிலேயே பாஸ் ஆனார். அந்த அதிகாரியோடு சாருக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. உரிமம் வாங்கிய மறுநாள் இருவரும் காரில் போனார்கள். முதல் சிக்னல் வருவதற்குள் சார் பதினோரு தப்பு எண்ணிவிட்டார். மனைவி வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, சாவியை அவர் மடியில் வைத்தார். அதன்பின் பத்தொன்பது வருடமாக அந்தக் காரின் டிரைவர் பக்கத்துக் கதவையே திறந்ததில்லை. உரிமத்தை மட்டும் தவறாமல் புதுப்பித்து வந்தார்.

"உனக்கு ஓட்டுறதே மறந்திருக்குமே?"

"அப்ப நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

வேறு ஆள் எங்கே இருக்கிறது? சனிக்கிழமை மாலை சார் கிளப்புக்குப் போய், தாளில் தன் பேருக்குக் கீழே மனைவியின் பேரைத் தன் கையாலேயே எழுதினார்.

ஞாயிறு காலை மனைவி காரை வெளியே எடுத்த விதத்தைப் பார்த்துச் சாருக்கு வாய் அடைத்துப்போனது. பின்னோக்கி எடுத்து, ஒரே திருப்பில் தெருவில் இறக்கி, நாய் ஒன்று குறுக்கே வந்ததற்குப் பதறாமல் நிறுத்தி, அது போனதும் கிளம்பினார். சாரின் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தாங்க முடியாமல், "எங்க பழகின?" என்றார்.

"கடை வேனை ஆறு வருஷமா நான்தான் ஓட்டுறேன்."

"சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே" என்றார் மனைவி, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

ஆட்டம் ஆரம்பித்தது. சார் அடிக்க மட்டையை ஓங்கிய நேரத்தில், "அந்தப் பறவை பேரு என்னங்க?" என்றார் மனைவி. பந்து பணிமனைப் பக்கம் பறந்தது. சாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் கையெழுத்து வேண்டுமே! கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பது போலக் கடித்துக்கொண்டார். பிறகு, உலகத்திலுள்ள தேனையெல்லாம் குரலில் குழைத்து, "ஒருத்தர் அடிக்கும்போது பேசக் கூடாதும்மா" என்றார்.

"அப்படியா? சரி" என்றார் மனைவி. அதற்குப் பிறகு எட்டு குழிகளிலும் அவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஒருமுறை சொன்னால் போதும் என்பது சாருக்குப் புது அனுபவமாக இருந்தது. அதைப் பற்றி அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மூன்றாம் குழியில் மனைவியின் பந்து புதருக்குள் போனது. அவர் நிதானமாகத் தேடி, தன் பந்தைத் தவிர, வேறு மூன்று பேர் எப்போதோ தொலைத்த பந்துகளைக் கண்டெடுத்தார். "பாவம், யாரு தேடினாங்களோ" என்று அவற்றைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். சாரின் கை கடிகாரத்தைத் தடவியது, தடவியதோடு நின்றது. அதற்குள் பின்னால் ஒரு குழு வந்து சேர்ந்து காத்து நின்றது. சார் திரும்பிப் பார்த்தார். முதுகு பிடித்தவர், ஸ்டாக் எடுக்கிறவர், அறுநூறு பிள்ளைக்காரர், மூவரும் வரிசையாக நின்றார்கள். சனிக்கிழமை அவர் தாளைப் பார்த்துவிட்டுப் போகும்வரை காத்திருந்து, பிறகு வந்து பேர் எழுதியிருக்கிறார்கள்.

டயர் கடைக்காரர் சட்டென்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். மருந்துக் கடைக்காரர் வானத்தைப் பார்த்தார்.

சார் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார். "நீங்க முன்னாடி போங்க, நாங்க மெதுவாத்தான் வருவோம். இந்தப் பந்துல எதாவது உங்களோடதா பாருங்க." அதில் ஒன்று தலைமையாசிரியையுடையது. போன மாதம் தொலைத்ததாம். இருவரும் புதர் ஓரமாகவே நின்று ஐந்து நிமிடம் பேசினார்கள். தலைமையாசிரியை, தான் புதிதாகப் போட்ட கண்ணாடி மூக்கில் வழுக்குவதாகச் சொன்னார். மனைவி அதை வாங்கி, இரண்டு விரலால் ஏதோ செய்து திருப்பிக் கொடுத்தார். வழுக்கல் நின்றுவிட்டது. போகும்போது மூவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். சாருக்கு அந்தச் சிரிப்பு தன்னைப் பற்றியதாகப் பட்டது. உண்மையில் அவர்கள் அவரை மறந்தே போயிருந்தார்கள்.

இப்படியே எட்டு குழி முடிந்தது. கைக்குட்டையின் ஒரு மூலை கந்தலாகியிருந்தது. ஆனால் அதிசயமாக, சார் அன்று நன்றாக ஆடிவிட்டார். கத்துவதற்குச் செலவாகும் சக்தி பந்துக்குப் போனதோ என்னவோ, வருடக்கணக்கில் இப்படி ஆடியதில்லை. ஒன்பதாம் குழி கிளப் அறைக்கு நேர் எதிரே, சிறு குளத்தை ஒட்டி இருக்கிறது. ஆடி முடித்தவர்கள் ஜன்னலருகே டீ குடித்தபடி வேடிக்கை பார்ப்பார்கள். அந்த மூவரும் அங்கேதான் இருந்தார்கள்.

தூரத்தில் இருப்பவர் முதலில் ஆட வேண்டும். மனைவியின் பந்து இருபதடி தள்ளி, சாரின் பந்து குழிக்கு ஒரு முழத் தூரத்தில். மனைவி குனிந்தார், லென்ஸைப் பார்ப்பது போலப் பாதையைப் பார்த்தார், பந்தை உருட்டினார். அது புல்மேல் ஊர்ந்து ஊர்ந்து போய், விளிம்பில் தயங்கி, உள்ளே விழுந்தது. ஜன்னலில் கைதட்டல் எழுந்தது. மனைவிக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. ஆனால் சத்தம் போடவில்லை. அடுத்து சார் ஆட வேண்டுமே என்று ஜன்னல் பக்கம் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, நகர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்.

அத்தனை அமைதி அந்தத் திடலில் அதற்கு முன் இருந்ததில்லை. பணிமனையில்கூட எந்த பஸ்ஸும் உறுமவில்லை. காற்று நின்றிருந்தது. சார், குழியருகே பந்தை உருட்டுவதற்கென்று வைத்திருக்கும் பட்டர் மட்டையை எடுத்தார். குழந்தைகூடப் போட்டுவிடும் தூரம். தள்ளினார்.

பந்து குழியின் ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே போய் நின்றது.

சார் தலையைத் தூக்கினார். கண்கள் ஆளைத் தேடின. யார் பேசியது? யாரும் பேசவில்லை. நிழல்? இல்லை. இருமல்? இல்லை. விசில்? இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், ஆனால் இங்கே கூடம்கூடக் கோணலில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பழி போட ஒரு ஆள் இல்லாமல் நின்றார். அது அவரால் தாங்கக்கூடியதாக இல்லை.

"நீ மூச்சு விட்ட" என்றார் மனைவியைப் பார்த்து.

"என்னங்க?"

"மூச்சு விட்ட! என் காதுல விழுந்துச்சு! ரெண்டு நிமிஷம் ஒரு மனுஷி மூச்சை அடக்கிட்டு நிக்க முடியாதா? நான் காலையிலேர்ந்து எப்படி அடக்கிட்டு இருக்கேன், பாத்தல்ல?"

எட்டு குழியாக அடக்கியதெல்லாம் கைக்கு வந்தது. பட்டர் மட்டை காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குளத்தில் போய் விழுந்தது. ஒரு தவளை குதித்து வெளியே வந்தது.

கிளப் அறையில் எழுத்தர் எழுந்து நின்றிருந்தார். சாதுவான மனிதர், ஆனால் பலகையை அவர்தான் தினமும் துடைக்கிறார், விதி மனப்பாடம். சார் உள்ளே நுழைந்ததும், "சார், பதினாலாம் ரூல்…" என்று இழுத்தார்.

"தெரியும்யா, எழுதினவனே நான்தான்" என்றார் சார். "கூட ஆடுறவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னுதான் ரூல்ல இருக்கு. இவ என் சம்சாரம். சம்சாரம் எப்படிய்யா கூட ஆடுறவங்க ஆகும்?"

அறையில் யாரும் டீயை உறிஞ்சவில்லை. தலைமையாசிரியை கோப்பையை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. மனைவி மேசையருகே போய், அட்டையை இழுத்து, பேனாவை எடுத்தார்.

"ஒன்பது குழியும் ஆடினேன். அது உண்மை. அதனால கையெழுத்து போடுறேன்" என்று எழுத்தரிடம் சொல்லி, சிறிய நேரான எழுத்தில் போட்டார். சாரின் ஞாயிறு பிழைத்தது.

திரும்பும்போது காரில் சார் உற்சாகமாகவே இருந்தார். காரியம் ஆகிவிட்டதல்லவா? இரண்டாவது சிக்னல் தாண்டியதும், "அந்த இடத்துல கியரைக் கொஞ்சம் முன்னாடியே…" என்று தொடங்கினார். வண்டி ஓரமாக நின்றது. சாவிக்காகச் சார் கையை நீட்டினார், பத்தொன்பது வருடத்துக்கு முன் நடந்த அதே மாதிரிதான் என்று. மனைவி சாவியைத் தரவில்லை.

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். இறங்குங்க."

கோல்ஃப் பையைத் தோளில் சுமந்துகொண்டு ஃபெயில் சார் இரண்டு கிலோமீட்டர் நடந்து வீடு சேர்ந்தார். வழியில், டெஸ்டில் அவர் ஃபெயிலாக்கிய ஒருவர் காரில் போனார். நிறுத்தி, "ஏறிக்கிறீங்களா சார்?" என்று கேட்டார். அந்த ஆள் எத்தனை தடவைக்குப் பிறகு பாஸ் ஆனார் என்று நினைவில்லாததால் சார் ஏறவில்லை.

அடுத்த வியாழன் மாலை புதுத் தாள் வந்தது. சார் தன் பேரை எழுதினார். எழுதிவிட்டு மேலே பார்த்தார். எட்டு மணிக் குழுவின் முதல் கோட்டில் அதே சிறிய நேரான எழுத்து. மனைவியின் பேர். அதற்குக் கீழே தலைமையாசிரியை, அதற்குக் கீழே டயர் கடைக்காரர். நாலாவது கோடு காலி. மருந்துக் கடைக்காரருக்கு இந்த ஞாயிறு நிஜமாகவே ஸ்டாக் எடுக்க வேண்டியிருந்தது.

பேனா தானாகவே அந்தக் கோட்டுக்குப் போனது. பின்னாலிருந்து எழுத்தர் கனைத்தார். "முதல் பேர்க்காரங்களைக் கேக்கணும் சார். ஒன்பதாம் ரூல்." கொஞ்சம் பொறுத்து, மெல்ல, "விசில்காரர் இப்பத்தான் வந்து எத்தனையாவது வாரம்னு கேட்டுட்டுப் போனார். மறுபடி முதல் வாரம்னு சொன்னேன்" என்றார்.

வீட்டில் மனைவி மேசையருகே உட்கார்ந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். சார் எதிரே போய் நின்றார். நாற்காலியை இழுத்துப் போடக்கூடத் தோன்றவில்லை.

"எட்டு மணி குரூப்ல ஒரு இடம் காலியா இருக்கு. என் பேரை எழுதிக்கிறேன்."

"கேக்குறீங்களா, சொல்றீங்களா?"

"கேக்குறேன்" என்றார் சார்.

மனைவி லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அவங்க ரெண்டு பேருக்கும் நான்தான் பதில் சொல்லணும். போன ஞாயிறு நடந்ததுக்கு என்ன சொல்றீங்க?"

சார் கைக்குட்டையை எடுத்து, கந்தலான மூலையைக் கடித்துக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று மனைவிக்குத் தெரியும். லென்ஸைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்சம் ஆசையோடுதான் காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

"மட்டையை எறிஞ்சது தப்பு" என்றார் சார். "எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினதும் தப்பு. மன்னிச்சுக்கோ." மனைவியின் முகம் இளகியது. எழுத்தருக்குச் சம்மதச் சீட்டு எழுத, கை மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் திறந்தது. சார் அங்கே நிறுத்தியிருக்கலாம். கடைசித் திருப்பம், கண்ணாடியைப் பார்த்தால் போதும், வண்டி வீடு சேர்ந்துவிடும். "ஆனா," என்றார் சார், "நீ மூச்சு விட்டது நிஜமாவே என் காதுல விழுந்துச்சு."

மனைவி பேனாவை மூடினார். அடுத்த லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மூணு வாரம் கழிச்சு வாங்க" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

சார் அங்கேயே நின்றார். இருபத்தாறு வருடம் இந்த வார்த்தையை எத்தனையோ பேரிடம் சொன்னவர். கேட்டவர்கள் அதன்பின் எழுந்து வாசல்வரை எப்படி நடந்து போனார்கள் என்று ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திருந்தால், இப்போது தனக்கும் தெரிந்திருக்குமே என்று நினைத்தார்.